ஆக்ஸலாட்டலைக் காக்கும் விவசாயிகள்

கேள்வி: வண்ணமீன் தொட்டிகளில் பலரும் வளர்க்கும் ஆக்ஸலாட்டல் அழிவின் விளிம்பில் இருப்பதாகவும், மெக்சிகோ விவசாயிகள் அதைக் காப்பதாகவும் படித்தேன். தொட்டியில் பெருகுவதை நீர்நிலையில் விட்டால் போதாதா? விவசாயிகளுக்கு இதில் என்ன வேலை?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: தொட்டிகளில் வளர்பவை பெரும்பாலும் 1860-களில் பாரிசுக்குக் கொண்டுசெல்லப்பட்ட சிலவற்றின் வழிவந்தவை. பின்னர் அதன் நெருங்கிய உறவினமான புலி சாலமாண்டருடன் கலப்பும் நடந்திருப்பதால், அவற்றை அப்படியே கொண்டுபோய் விடுவது முறையன்று. அதைவிடப் பெரிய தடை, விடுவதற்கேற்ற நீர் இல்லாததே.

ஆயுள் முழுதும் செவுளோடு நீரிலேயே வாழும் இந்த ஈரிடவாழ்வி இன்று இயற்கையில் எஞ்சியிருப்பது மெக்சிகோ நகரின் தெற்கிலுள்ள சோசிமில்கோ வாய்க்கால்களில் மட்டும்தான். அங்கே 1998-இல் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 என மதிப்பிடப்பட்ட எண்ணிக்கை, 2014-இல் 36 ஆகச் சரிந்தது. (2021 முதல் மெக்சிகோவின் 50 பெசோ நோட்டில் இதன் படம் இருக்கிறது, நோட்டில் பார்ப்பது எளிது, வாய்க்காலில் பார்ப்பது அரிது.) நகரக் கழிவுநீரோடு, மீன்வளத்தைப் பெருக்குவதற்காக விடப்பட்ட கெண்டையும், நம் சந்தைகளில் ஜிலேபி என்று விற்கும் திலேப்பியாவும் சேர்ந்து இந்த நிலைக்குக் கொண்டுவந்தன. முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும் இம்மீன்களை அத்தனை வாய்க்கால்களிலிருந்தும் அகற்றுவது நடவாத காரியம்.

சில வாய்க்கால்களையாவது மீன் நுழையாதபடி பிரித்துக் காக்க முடியும். ஏரி வண்டலையும் நீர்த்தாவரங்களையும் அடுக்கி அமைத்த 'சினாம்பா' என்னும் விளைநிலத் திட்டுகளும், அவற்றைச் சூழ்ந்த குறுகிய வாய்க்கால்களும் மெக்சிகோவை முற்காலத்தில் ஆண்ட அஸ்டெக் மக்களின் காலத்திலிருந்து விவசாயிகளின் பராமரிப்பில் இருப்பவை. மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் சாம்பிரானோ குழுவினர், இசைந்த விவசாயிகளின் வாய்க்கால் முகப்புகளில் நீர்த்தாவரங்களோடு கூடிய வடிகட்டித் தடுப்புகளை அமைக்கிறார்கள். நீர் தெளிந்து உள்ளே வரும், கெண்டை வராது. விவசாயி தன் பங்குக்கு ரசாயன உரத்தையும் பூச்சிமருந்தையும் கைவிட்டு, வாய்க்கால் சேற்றையே உரமாக இடுகிறார். இத்தகைய புகலிட நீரிலும் ஒரு செயற்கைக் குட்டையிலுமாக விடப்பட்ட, வளர்ப்பில் பிறந்த 18 ஆக்ஸலாட்டல்கள் உயிரோடிருந்ததையும், மீண்டும் பிடித்துப் பார்த்தவை எடை கூடியிருந்ததையும் 2025-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே, தாங்கள் கேட்டபடி விடுவதும் இயலும். நீர் முதலில் சீராக வேண்டும்.

சிக்கல் வருமானத்தில்தான் இருக்கிறது. சினாம்பாக்கள் பல தரிசாகக் கிடக்கின்றன; சில கால்பந்துத் திடல்களாகிவிட்டன, ஏனெனில் கீரை விற்பதைவிட வாடகை லாபம். புகலிடத்தில் விளைந்த காய்கறிக்குத் தனி முத்திரையிட்டு நல்ல விலை பெற்றுத்தரும் முயற்சியை, வடிகட்டியைக் காட்டிலும் முக்கியமானதாக நான் கருதுகிறேன்.