உயில் எழுதிய அன்று அப்பா எப்படி இருந்தார்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். அப்பா போன ஆனியில் காலமானார். 81 வயது, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அம்மா முன்பே போய்விட்டார். அப்பா தம்பி குடும்பத்தோடுதான் இருந்தார். கடைசி இரண்டு வருடமாக மறதி அதிகம். பேரன் பெயரை மாற்றிக் கூப்பிடுவார், சாப்பிட்டதை மறந்து மறுபடி சோறு கேட்பார். போன வருடம் சோடியம் குறைந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். வீட்டுக்கு வந்து பத்து நாளைக்குள் உயில் எழுதிப் பதிவும் ஆகியிருக்கிறது. சார் பதிவாளர் வீட்டுக்கே வந்தாராம். வீடு, நிலம், பேங்க் பணம் எல்லாம் தம்பிக்கு. எனக்குக் கல்யாணத்தில் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று என்று ஒரு வரி. சாட்சி போட்டவர்களில் ஒருவர் தம்பி கடையில் வேலை செய்பவர், இன்னொருவர் அப்பாவின் பழைய நண்பர். அந்த மாதங்களில் நான் எப்போது போன் செய்தாலும் "மாமா தூங்குறாங்க" என்பதுதான் தம்பி மனைவியின் பதில்.

கையெழுத்து அப்பாவுடையதுதான். ஆனால் அது அவர் மனசா? பதிவான உயிலை ஒன்றும் செய்ய முடியாது என்கிறார் ஒரு வக்கீல். "பார்த்துக்கிட்டது நாங்க, நீ எட்டிப் பாத்தியா?" என்கிறான் தம்பி. கேட்டால் சொத்துக்கு அலைகிறேன் என்று ஊர் பேசும். நான் என்ன செய்ய?

(பெயர் வேண்டாம், தஞ்சை மாவட்டம்)

*

அன்புள்ள சகோதரி,

முதலில் வக்கீல் சொன்னதைச் சரி செய்துவிடுவோம். உயிலைப் பதிவு செய்யவேண்டும் என்று சட்டத்தில் கட்டாயமே இல்லை. பதிவு ஒரு துணைச் சான்று, அவ்வளவுதான். பதிவு செய்யும் அதிகாரி உயிலை வாசித்துக் காட்டினாரா, எழுதியவர் அதைப் புரிந்துகொண்டு ஒப்புக்கொண்டாரா என்று பார்க்கவேண்டும், வெறும் சடங்காக நடந்த பதிவு சந்தேகத்தைப் போக்காது என்று உச்ச நீதிமன்றம் 1961-லேயே ராணி பூர்ணிமா தேவி வழக்கில் சொல்லிவிட்டது. சார் பதிவாளர் வீட்டுக்கு வந்ததும் சட்டப்படி நடக்கக் கூடியதுதான். வந்தவர் அப்பாவிடம் என்ன கேட்டார், அப்பா என்ன சொன்னார், அப்போது அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்பதுதான் விஷயம்.

இப்போது மறதி. அப்பாவுக்கு மறதி இருந்தது, அதனால் உயில் செல்லாது என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். 1925 ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 59-வது பிரிவில் உதாரணங்களோடு இதைச் சொல்கிறது. சுற்றி நடப்பது தெரிகிறது, பழகிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார், ஆனால் தன் சொத்து என்ன, தனக்கு உறவு யார், யாருக்கு எழுதுவது முறை என்பது பிடிபடவில்லை என்றால் அவரால் உயில் எழுத முடியாது. உடம்பு மிகவும் தளர்ந்து கிடக்கிறார், ஆனாலும் சொத்தை எப்படிக் கொடுப்பது என்று யோசித்து முடிவெடுக்க முடிகிறது என்றால் அந்த உயில் செல்லும். சாதாரணமாகச் சித்தம் கலங்கியவர்கூட, தெளிவாக இருக்கும் இடைவேளையில் எழுதினால் செல்லும்.

பேரன் பெயரை மாற்றிக் கூப்பிடுபவருக்கும் தனக்கு ஒரு மகள் இருக்கிறாள், ஆற்றங்கரையில் நிலம் இருக்கிறது என்பது தெரிந்திருக்கலாம். 1870-ல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. கெஸ்விக் என்ற ஊரைச் சேர்ந்த ஜான் பேங்க்ஸ், செத்துப்போன ஒரு ஆள் தன்னைத் துரத்துகிறான், பேய்கள் கண்ணுக்குத் தெரிகின்றன என்று நம்பி வாழ்ந்தவர். முன்பு மனநல விடுதியிலும் இருந்திருக்கிறார். 15 வீடுகளைத் தன் உடன்பிறந்தவர் மகளுக்கு எழுதி வைத்தார். உயில் செல்லும் என்றது நீதிமன்றம். அந்தப் பேய் பயம் சொத்தை யாருக்குக் கொடுப்பது என்ற முடிவைத் தொடவில்லை என்பதுதான் காரணம். இன்றைக்கும் உலகின் பல நீதிமன்றங்கள் இந்த அளவுகோலைத்தான் கையில் எடுக்கின்றன.

அதனால் நோயின் பெயரை விடுங்கள். அந்த ஒரு நாளைப் பிடியுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கனமாகத் தெரிவது அந்தப் பத்து நாள்தான். வயதானவர்களுக்குச் சோடியம் குறைந்தால் குழப்பம் வரும். பகலா இரவா என்று தெரியாது, யாரோ வந்திருப்பதாகப் பேசுவார்கள். சோடியம் ஏறியதும் பலர் தெளிந்துவிடுவார்கள். ஏற்கெனவே மறதி இருப்பவர்களுக்குத் தெளிய வாரக்கணக்கில் ஆகும், சிலர் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்புவதே இல்லை. டிஸ்சார்ஜ் ஆன அன்று சோடியம் எவ்வளவு, 'குழப்பம்' என்று நர்ஸ் குறிப்பில் எழுதியிருக்கிறார்களா, மறதிக்கு என்ன மாத்திரை, நினைவாற்றல் சோதனை செய்தார்களா என்று பாருங்கள். அந்தச் சோதனையில் 30-க்கு எவ்வளவு என்ற மதிப்பெண் மட்டும் எதையும் முடிவு செய்யாது. ஆனால் உயில் தேதிக்குப் பக்கத்தில் எடுத்தது என்றால் நீதிபதி கவனிப்பார். ஆஸ்பத்திரி ஆவணங்களை உடனே எழுத்தில் கேளுங்கள். மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறைப்படி உள்நோயாளி ஆவணங்களை மூன்று வருடம் வைத்திருந்தால் போதும். அதற்குப் பிறகு இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது வற்புறுத்தல். அதே சட்டத்தின் 61-வது பிரிவைப் படித்தால் உங்களுக்கு வருத்தமாகக்கூட இருக்கலாம். ஒருவர் கெஞ்சிக் கேட்டு, பேசிப் பேசி மனதை மாற்றி, தான் சொன்னபடியே எழுத வைத்தாலும், எழுதியவர் தன் சொந்தப் புத்தியால்தான் ஒப்புக்கொண்டார் என்றால் உயில் செல்லும். முகஸ்துதி செய்து, விழுந்து விழுந்து கவனித்து, அதனால் வந்த பிரியத்தில் எழுதியிருந்தாலும் செல்லும். எங்கே செல்லாது? இனி இந்த வீட்டில் நிம்மதி வேண்டுமென்றால் எழுதிக் கொடுத்துத் தொலைப்போம் என்று அடங்கிப்போய் எழுதியிருந்தால் செல்லாது. 'உங்கள் மகள் உங்களைக் கைவிட்டுவிட்டாள்' என்பது போல் தெரிந்தே பொய் சொல்லி எழுதி வாங்கினால், அது மோசடி, அப்போதும் செல்லாது.

"மாமா தூங்குறாங்க" என்ற பதில் அதனால்தான் முக்கியமாகிறது. மகளோடு பேச விடாமல், வெளி ஆட்களைப் பார்க்க விடாமல் ஒருவரை வைத்திருந்தால், அவர் காதில் விழுவதெல்லாம் ஒரே பக்கத்துப் பேச்சாக இருக்கும். அந்த மாதங்களின் அழைப்பு விவரம் உங்கள் போனில் இருக்கிறதா, வாட்ஸ்அப்பில் தம்பி மனைவிக்கு ஏதாவது எழுதினீர்களா, நேரில் போய்த் திரும்பினீர்களா? தேதியோடு குறித்து வையுங்கள். இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், நிஜமாகவே அந்த வயதில் பகலெல்லாம் தூங்குபவர்கள் உண்டு. இது தானாக எதையும் நிரூபித்துவிடாது.

நிரூபிக்கும் பொறுப்பு யாருக்கு என்பதை நம் ஊரில் நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். உயிலைக் காட்டிச் சொத்து கேட்பவர்தான், எழுதியவர் தெளிவான மனதோடு எழுதினார், சாட்சிகள் முன் கையெழுத்திட்டார் என்று காட்டவேண்டும். இரண்டு சாட்சிகளில் உயிரோடு இருக்கும் ஒருவரையாவது கூண்டில் ஏற்றவேண்டும். மைசூர்ப் பக்கத்து வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் 1958 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. கையெழுத்து நடுங்கியிருப்பது, எழுதியவரின் மனம் பலவீனமாக இருப்பது, இயல்புக்கு மாறான பங்கீடு, பலன் பெறுபவரே முன்னின்று உயிலை எழுத வைப்பது, இப்படிச் சந்தேகம் எழுந்தால் அதை நீதிமன்றத்துக்குத் திருப்தியாகப் போக்கவேண்டியது உயிலைக் கொண்டுவருபவரின் பொறுப்பு. ஆனால் 'மிரட்டி வாங்கினான், ஏமாற்றி வாங்கினான்' என்று நீங்கள் சொன்னால், அதை நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். கையெழுத்தே பொய், அப்பாவுக்குச் சுயநினைவே இல்லை, மிரட்டித்தான் வாங்கினார்கள் என்று மூன்றையும் சேர்த்து எழுதுகிற மனுக்களைப் படித்தால் எனக்கு வயிறு எரியும். குறுக்கு விசாரணையில் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும். கையெழுத்து அப்பாவுடையதுதான் என்று நீங்கள் நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள். நீதிமன்றத்திலும் அப்படியே சொல்லுங்கள்.

உங்களுக்கு ஒன்றும் வைக்கவில்லை என்பது மட்டும் போதுமா? போதாது. உயில் எழுதுவதே வழக்கமான வாரிசு முறையை மாற்றத்தான், அதனால் வாரிசை விலக்கியது ஒன்றே சந்தேகம் ஆகாது என்று 1995-லும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பார்த்துக்கொண்ட பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுப்பது எந்த அப்பாவும் செய்யக் கூடியது. மறதி வந்தவரைக் குளிப்பாட்டி, ராத்திரி எழுந்து உட்காருவது சாதாரண வேலை இல்லை. அதில் பெரும்பங்கு உங்கள் தம்பி மனைவி செய்திருப்பார். அதை மறுத்துப் பேசாதீர்கள். ஆனால் கல்யாணச் செலவைக் காட்டி மகளுக்கு ஒன்றுமில்லை என்று எழுதும் அந்த வரி, எழுத்தர் மேஜையில் பழக்கத்தில் வருகிற வரி. அது அப்பா வாயிலிருந்து வந்ததா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதைக் கேட்பது பேராசை இல்லை.

சரி, செய்ய வேண்டியது. எழுதியவர் இறந்த பிறகு பதிவான உயிலின் சான்றிட்ட நகலை யார் விண்ணப்பித்தாலும் தருவார்கள். வாங்குங்கள். மூலப்பத்திரத்தைப் பாருங்கள்: நிலம் கூட்டுக் குடும்பத்துப் பூர்வீகச் சொத்து என்றால் அப்பாவால் தன் பங்கை மட்டுமே எழுத முடியும், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்தின்படி உங்களுக்குப் பிறப்பாலேயே பங்கு உண்டு, அதை எந்த உயிலும் தொடாது. சுயமாக வாங்கியது என்றால் உயில் செல்லாமல் போனால்தான் உங்களுக்கும் தம்பிக்கும் சரிபாதி. பட்டா மாறுவதற்கு முன் தாசில்தாரிடம் ஆட்சேபம் கொடுங்கள், பேங்க்குக்கும் ஒரு கடிதம். வேறொரு சிவில் வக்கீலைப் பாருங்கள்.

அதற்கு முன்னால் அப்பாவின் நண்பரைப் போய்ப் பாருங்கள். அவர்தான் இதில் எல்லோரையும்விட முக்கியமான ஆள். வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். எதையும் சொல்லிக் கொடுக்காதீர்கள், அன்று என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள். தம்பிதான் எல்லாம் படித்துக் காட்டினான், நான் கையெழுத்து மட்டும் போட்டேன் என்று அவர் சொன்னால் அது உங்களுக்குப் பெரிய பலம். "உங்கப்பா என்னிடமே காரணம் சொல்லித்தாம்மா எழுதினார், நல்லாத்தான் இருந்தார்" என்றால், பல வருடம் இழுக்கக் கூடிய வழக்கில் இறங்க வேண்டுமா என்று மறுபடி யோசியுங்கள். அப்போது சமரச மையத்தில் தம்பியோடு உட்கார்ந்து பேசுவது மேல். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.