நெறி கட்டிய பொம்மிக்கு நாட்டு மருந்து போதுமா?

கேள்வி: எங்கள் ஜப்பானிய ஸ்பிட்ஸ் பொம்மிக்கு 9 வயது. கழுத்திலும் பின்னங்கால் முட்டிக்குப் பின்னாலும் நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டியிருந்தது. ஊசி குத்திச் சோதித்த மருத்துவர், லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் என்றும் கீமோதெரபி செய்யலாம் என்றும் சொன்னார். "வாயில்லா ஜீவனை வதைக்காதே, மஞ்சளும் நாட்டு மருந்தும் போதும்" என்கிறார் அம்மா. சிங்கப்பூர்த் தேக்காவில் வாங்கிய நாட்டு மருந்துப் பொடி ஒன்றும் வைத்திருக்கிறார். தோழி ஒருவர் தன் நாய்க்கு வாங்கி மிஞ்சிய பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரைகளைக் கொடுத்திருக்கிறார். பச்சை இறைச்சி கொடுத்தால் கட்டி கரையும் என்றும் சிலர் சொல்கிறார்கள். என்ன செய்வது, டாக்டர்?
– ஈசூன் வாசகி

பதில்: சகோதரி, முதலில் அந்த மாத்திரைகளைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பிரெட்னிசலோன் கொடுத்தால் சில நாள்களிலேயே வீக்கம் வற்றும், பொம்மி ஆசையாகச் சாப்பிடும், நோய் போய்விட்டதென்றே தோன்றும். ஆனால் அதை மட்டும் முன்கூட்டியே கொடுத்துவிட்டால், புற்றுச் செல்கள் மருந்தை எதிர்க்கப் பழகிவிடும். பிறகு தரும் கீமோ சரியாகப் பிடிக்காமல் போகலாம். மூன்று வாரம் இப்படிக் கொடுத்துவிட்டு மீண்டும் வீங்கிய நாயைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களிடம் இதை விளக்கியிருக்கிறேன். அந்த நிலை உங்களுக்கு வரக்கூடாது.

அம்மாவின் பயம் நியாயமானது. மனிதர்கள் கீமோவில் படும் பாட்டைப் பார்த்தவர் அவர். நாய்களுக்கு மருந்தின் அளவு குறைவு. இருக்கும் நாள்களை நல்ல நாள்களாக்குவதே அதன் நோக்கம். பூடில் போன்ற சில இனங்களைத் தவிர மற்றவற்றுக்கு முடி பெரிதாகக் கொட்டாது, மீசை முடி உதிரலாம். சிகிச்சையே இல்லையென்றால் பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதம்தான். பல மருந்துகள் சேர்ந்த கீமோவில் ஏறத்தாழ ஓராண்டு கிடைப்பதுண்டு. முழுக் குணம் அரிது என்பதையும் மறைக்க மாட்டேன். செலவு தாங்காது என்றால், மருத்துவர் மேற்பார்வையில் பிரெட்னிசலோன் மட்டும் கொடுத்து வலியில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். அதுவும் அன்புதான், அதற்காகக் குற்றவுணர்ச்சி வேண்டாம்.

உணவு, மூலிகை, அக்குபங்சர் எல்லாம் சேர்ந்த முழுமை மருத்துவத்தை நான் ஒதுக்குவதில்லை. கீமோவுக்கு மாற்றாக அல்ல, அதன் கூடவே வரவேண்டும் என்பதுதான் என் பிடிவாதம். 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், லிம்போமா வந்த 32 நாய்களில் ஒரு பகுதிக்கு மீன் எண்ணெய் சேர்த்த உணவு கொடுத்தார்கள். சிலவற்றுக்கு நோய் திரும்பத் தாமதமானது. அந்த நாய்கள் எல்லாமே கீமோவும் பெற்றவை என்பதை மறக்காதீர்கள். அக்குபங்சர் வலிக்கும் குமட்டலுக்கும் துணையாகலாம். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் குடலிலிருந்து ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. சோற்றில் ஒரு சிட்டிகை போட்டால் கெடுதலில்லை, கட்டி கரையாது. பூண்டுக் கஞ்சி கூடவே கூடாது. பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும். கீமோவின்போது வெள்ளணு குறைவதால் பச்சை இறைச்சியின் கிருமிகளைப் பொம்மியால் தாங்க முடியாது. வேகவைத்தே கொடுங்கள்.

வீட்டுக் கவனிப்பின் அருமையை எனக்குக் கற்றுத்தந்தது இதே நோய் வந்த என் சொந்த நாய். ஒருநாள் தட்டில் கோழிச் சோறு வைத்த உடனே வாந்தி எடுத்தாள். மறுநாள் அதே சோறு, அதே எவர்சில்வர் தட்டு. அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். குமட்டும்போது தின்றதை நாய் வெறுத்துவிடும். தட்டை மாற்றி, மீனை வேகவைத்து, வெதுவெதுப்பாக்கி, என் உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். நெடுநேரம் மோந்தாள். பிறகு நாக்கின் நுனியால் ஒரே ஒரு துண்டை எடுத்தாள். எனவே வாந்தியை நிறுத்தும் மருந்தை மருத்துவரிடம் முதலில் கேட்டு வாங்குங்கள். பொம்மிக்கு மிகவும் பிடித்ததைக் குமட்டல் அடங்கிய பிறகே கொடுங்கள். தரை ஓடு வழுக்கும், பாய் விரியுங்கள். கீமோ நாளிலிருந்து இரண்டு மூன்று நாள் சிறுநீரையும் மலத்தையும் கையுறை போட்டுச் சுத்தம் செய்யுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் அந்த வேலையைத் தொடக்கூடாது.

அம்மாவுக்குச் சமையல் பொறுப்பைக் கொடுங்கள், அவர் கை பக்குவம் பொம்மிக்குத் தேவைப்படும். இந்த நோய் காத்திருக்காது, அதனால் இந்த வாரமே புற்றுநோய் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். போகும்போது அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள், தேக்காப் பொடியின் பொட்டலத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.