அம்மம்மாவின் வெண்புள்ளி மகளுக்கும் வருமா?

வந்தே தீரும் என்று இல்லை. பெற்றார், சகோதரருக்கு இருந்தாலே வாய்ப்பு ஏறத்தாழ 100இல் 6தான், இது அம்மம்மா, இன்னும் தள்ளின உறவு. ஒரே கருவில் உருவான இரட்டையரில்கூட ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வருவது கால்வாசிப் பேருக்குத்தான். ஒற்றை மரபணு அல்ல, பல மரபணுக்கள் சேர்ந்து, நிறம் தரும் கலங்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்க வழிவிடுகின்றன. வெண்குட்டம் என்று சனம் கதைக்கும். குட்டத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

மகளின் முதுகில் வெள்ளைத் திட்டு, அதுவும் இந்த வெயில் வியர்வையில் வந்தது என்கிறீர்கள். எனக்கென்னவோ தேமல் போலத்தான் இருக்கிறது. நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். மாவு மாதிரித் தவிடு உதிர்ந்தால் தேமல். பால்வெள்ளையாய், வழுவழுப்பாய் இருந்தால் வெண்புள்ளியாக இருக்கலாம்.

ஒன்று: அந்த இடத்தில் தொடுகை தெரியாவிட்டால் இரண்டும் இல்லை, குட்டமாக இருக்கலாம். சுணங்காமல் பெரியாஸ்பத்திரி தோல் கிளினிக்கில் காட்டுங்கள்.