பிள்ளையைக் காப்பகத்தில் விட்டால் நான் நல்ல தாய் இல்லையா?

கேள்வி: அடுத்த மாதம் வேலைக்குத் திரும்புகிறேன். ஒன்றரை வயது மகனைக் காப்பகத்தில் விடப் போகிறோம். "பெற்றவள் பக்கத்தில் இல்லாத பிள்ளை ஏங்கிப் போகும். காலங்காலமாகத் தாய்மார்கள் வீட்டில் இருந்துதான் வளர்த்தார்கள்" என்கிறார் மாமியார். உலகப் போரின்போது பெண்கள் தொழிற்சாலைகளுக்குப் போனார்களே, அவர்களையும் இப்படித்தான் பேசினார்களா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

பேசினார்கள். ஆனால் எப்போது அடக்கிப் பேசினார்கள், எப்போது சத்தமாகப் பேசினார்கள் என்று பார்த்தால் உங்கள் மனபாரம் கொஞ்சம் குறையும்.

இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்குப் போனதும், ஆயுதமும் விமானமும் செய்யப் பெண்களை விட்டால் ஆளில்லை. பிரிட்டன் 1941 டிசம்பரில் சட்டமே போட்டு, 20 முதல் 30 வயது வரையிலான மணமாகாத பெண்களைக் கட்டாயப் பணிக்கு அழைத்தது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள தாய்மார்களுக்குக் கட்டாயம் இல்லை. இருந்தும் பலர் போனார்கள். அதுவரை தயங்கிய அரசு, சில ஆண்டுகளுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட போர்க்காலக் காப்பகங்களைத் திறந்தது.

அமெரிக்காவில் இன்னும் விசித்திரம். சிறு குழந்தை உள்ள பெண்ணின் முதல் பொறுப்பு வீட்டில் பிள்ளையைப் பார்ப்பதுதான், போரானாலும் அப்படித்தான் என்று 1942-இல் அரசே கொள்கை அறிவித்தது. சொன்னதோடு சரி. கப்பல் தளங்களில் ஆள் போதாமல் போனதும் அரசுப் பணத்தில் காப்பகங்கள் பெருகின. போர்ட்லாண்டில் கைசர் நிறுவனம் தன் இரண்டு கப்பல் தளங்களின் வாசலிலேயே 1943-இல் காப்பகங்களைத் திறந்தது. உங்கள் மகன் வயதிலேயே சேர்த்துக்கொண்டார்கள். இரவு ஷிஃப்ட் அம்மாக்களுக்காக இரவிலும் திறந்திருந்தன. குழந்தைக்கு லேசாக உடம்பு சரியில்லை என்றால் தனி அறையும் நர்ஸும் இருந்தார்கள். வேலை முடிந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, முன்பே சொல்லி வைத்திருந்தால், சமைத்த இரவுச் சாப்பாட்டையும் காசு கொடுத்து வாங்கிப் போகலாம். நாள் முழுக்க வெல்டிங் செய்தவள் வீட்டுக்குப் போய் அடுப்படியில் நிற்க வேண்டாம் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

1945-இல் போர் முடிந்தது, அந்த இரண்டும் மூடப்பட்டன. 1946 தொடக்கத்தில் நாடு முழுக்கக் காப்பகங்களுக்கான மத்திய அரசின் பணமும் நின்றது. தாய்மார்கள் மனு கொடுத்தார்கள், போராடினார்கள். கலிஃபோர்னியா போன்ற ஓரிரு இடங்கள்தான் சொந்தப் பணத்தில் தொடர்ந்தன. திரும்பிய ஆண்களுக்கு வேலை வேண்டும், அதனால் நல்ல தாய் மறுபடி வீட்டுக்குள் போக வேண்டும்!

இதே காலத்தில் ஜெர்மனி வேறொரு தாயைக் கொண்டாடியது. 1938 டிசம்பரில் ஹிட்லர் அரசு தாய்மார் சிலுவை என்ற பதக்கத்தை அறிவித்தது. நான்கு பிள்ளை பெற்றால் வெண்கலம், ஆறுக்கு வெள்ளி, எட்டுக்குத் தங்கம். யூதப் பெண் எத்தனை பெற்றாலும் கிடையாது. சோவியத் அரசும் 1944-இல், பத்துப் பிள்ளை பெற்று வளர்த்தவளுக்கு வீரத்தாய் பட்டம் தந்தது. ஆக, மாமியார் சொல்லும் "காலங்காலமாக" என்பது அவ்வளவு பழையது இல்லை. தாய் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒவ்வோர் அரசும் தன் தேவைக்கு ஏற்ப எழுதி, அழித்து, மறுபடி எழுதியிருக்கிறது.

ஏக்கம் என்ற பயத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஜான் பவுல்பி என்ற மனநல மருத்துவர் 1951-இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கை, தாயைப் பிரிந்த குழந்தைகள் படும் பாட்டை உலகுக்குச் சொன்னது. அருமையான பணி, மருத்துவமனைகளில் பெற்றோரைக் குழந்தையோடு இருக்க விட்டதில் அந்தச் சிந்தனைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்த அறிக்கை பெரும்பாலும் பேசியது விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் நெடுநாள் விடப்பட்ட குழந்தைகளைப் பற்றி. மாலையில் அம்மாவிடம் திரும்பும் பிள்ளைக்கும் அதை அப்படியே பொருத்தி, வேலைக்குப் போகும் பெண்களைப் பயமுறுத்தினார்கள்.

எல்லாமே பழையபடி ஆகிவிடவில்லை. பிரிட்டனில் 1945-இல் குழந்தைகளுக்கான உதவித்தொகைச் சட்டம் வந்தபோது, பணத்தைத் தந்தையிடம் கொடுப்பதாகத்தான் முதலில் இருந்தது. பல ஆண்டுகளாக இந்த உதவித்தொகைக்காகப் போராடிய நாடாளுமன்ற உறுப்பினர் எலினார் ராத்போன் விடவில்லை. இரண்டாவது பிள்ளையிலிருந்து வாரம் 5 ஷில்லிங், தாயின் கையில் என்று முடிவானது. முதல் தொகை 1946 ஆகஸ்டில் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை, அந்த ஜனவரியிலேயே இறந்துவிட்டார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மாமியாரிடம் வரலாறு பேசி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். அவர் பேரன்மேல் உள்ள பாசத்தில்தான் பேசுகிறார். காப்பகத்துக்கு அவரையும் கூட்டிப் போய்க் காட்டுங்கள். ஒருவர் எத்தனை குழந்தைகளைப் பார்க்கிறார், பணியாளர்கள் அடிக்கடி மாறுகிறார்களா, அழுதால் யார் தூக்குவார்கள் என்று கேளுங்கள். முதல் வாரம் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று பழக்குங்கள். காலையில் கொண்டுபோய் விடும் வேலையைக் கணவர் எடுத்துக்கொள்ளட்டும். உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இன்று இரவே அவரிடம் பேசுங்கள்.