துப்பாக்கி சுடும்போது பாதுகாப்புக் கண்ணாடி உள்ளே மங்குவது பற்றி

கண்ணாடியை முகத்திலிருந்து கொஞ்சம் விலக்கிப் போடுங்கள். துடைத்த சில நிமிடங்களிலேயே உட்பக்கம் மறுபடி மங்குகிறது என்றால், பெரும்பாலும் காற்று போக வழியில்லை. லென்ஸ் புருவத்தையும் கன்னத்தையும் ஒட்டியிருந்தால் வியர்வை ஆவி உள்ளேயே அடைபட்டுப் படியும். மூக்குத் தாங்கியைச் சரிசெய்து சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டாலே வித்தியாசம் தெரியும். பக்கவாட்டுப் பாதுகாப்பு குறையும் அளவுக்கு மட்டும் விலக்க வேண்டாம்.

மூட்டம் எங்கே தொடங்குகிறது என்று கவனியுங்கள். மேல் ஓரத்தில் என்றால் நெற்றி வியர்வைதான். தொப்பிக்குள் துணிப்பட்டை கட்டி, அது நனைந்ததும் மாற்றுங்கள். ஈரம் ஊறிய பட்டையே மூட்டத்துக்குக் காரணமாகிவிடும், இதைப் பலர் கவனிப்பதில்லை. ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் முழுவதும் மங்கினால், அது குளிர்ந்திருக்கிறது என்று அர்த்தம். முன்னதாகவே வெளியே எடுத்து வைத்தால் சரியாகிவிடும்.

இதற்கு அப்புறம்தான் மூட்டத் தடுப்புத் திரவம். மென்மையான சோப்பு நீரில் கழுவி, உலர்ந்த பிறகு உட்பக்கம் தடவுங்கள். அமோனியா கலந்த துடைப்பான் பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக் லென்ஸுக்கு ஆகாது.

சுடும் வரிசையில் நிற்கும்போது துடைப்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றாதீர்கள். துப்பாக்கியிலிருந்து குண்டை எடுத்து, கீழே வைத்து, பின்னால் வந்தபிறகு துடையுங்கள். பக்கத்தில் இருப்பவர் சுடும் குண்டின் சிதறல்கூட உங்கள் கண்ணுக்கு வரலாம்.