நிதி அமைச்சர் ஆக எந்த குரூப் எடுக்கணும்?

வணக்கம் ஐயா. பண்ருட்டியிலிருந்து நீங்கள் அனுப்பியதைப் படித்தேன். பத்தாவது முடித்த மகள் எகனாமிக்ஸ் படிப்பாளாம், தொழில் தொடங்குவாளாம், பிறகு நிதி அமைச்சர் ஆவாளாம். நீங்கள் பி.காம்., சி.ஏ. என்று ஒற்றைக்காலில் நிற்கிறீர்கள். "பைத்தியக்காரத்தனமா இல்லையா சார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. கடலூரில் என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் "எதாவது ஐ.டி." என்று நிறுத்திக்கொள்கிறார்கள். உங்கள் மகளுக்குப் போகவேண்டிய இடமாவது தெரிகிறது.

ஆனால் அந்த நாற்காலிக்கு கோர்ஸ் கிடையாது. சட்டப்படி பட்டமே வேண்டாம். 25 வயதானால் சட்டமன்றத்துக்கோ மக்களவைக்கோ போட்டியிடலாம். உறுப்பினராக இல்லாதவரை அமைச்சராக்கினாலும் ஆறு மாதத்துக்குள் உறுப்பினராகிவிட வேண்டும். அவ்வளவுதான் விதி.

நிஜத்தில் யார் போனார்கள் என்று பாருங்கள். ஜான் மத்தாய் சென்னை கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் ஆய்வுப் பட்டம் வாங்கி, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர் ஆனார். அங்கிருந்து அரசுப் பணி, பிறகு டாடா நிறுவனம். 1944-இல் நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்காகத் தொழிலதிபர்கள் சேர்ந்து போட்ட பம்பாய்த் திட்டத்தில் அவர் கையெழுத்தும் உண்டு. நாட்டின் இரண்டாவது நிதி அமைச்சராகி, திட்டக் கமிஷன் விஷயத்தில் ஒத்துப்போகாமல் 1950-இல் ராஜினாமா செய்தார். அதோடு அவர் வாழ்க்கை முடங்கிவிடவில்லை. 1955-இல் ஸ்டேட் பேங்க் தொடங்கியபோது முதல் சேர்மன் அவர்தான். பதவி போனாலும் படிப்பும் தொழில் அனுபவமும் கையில் இருந்தன. உங்கள் மகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

டி.டி.கே. என்கிற டி.டி. கிருஷ்ணமாச்சாரி நேரெதிர். 1928-இல் ஏஜென்சி வியாபாரம் தொடங்கி, அரசியலுக்கு வந்து, 1956-இல் மத்திய நிதி அமைச்சர். நம் காலத்தில் பழனிவேல் தியாகராஜன்: திருச்சியில் கெமிக்கல் இன்ஜினீயரிங், அமெரிக்காவில் எம்.பி.ஏ., வெளிநாட்டு வங்கி வேலை, 2021-இல் தமிழ்நாட்டின் நிதி அமைச்சர். அவர் தாத்தாவும் அப்பாவும் அரசியலில் பெரிய இடத்தில் இருந்தவர்கள். அதையும் மறைக்காமல் மகளிடம் சொல்லிவிடுங்கள்.

ஆக, அமைச்சர் பதவி கிடைக்காமலே போனாலும் நல்ல சம்பளம் தரும் படிப்பாக இருக்கவேண்டும். எகனாமிக்ஸ் அப்படிப்பட்டதுதான், கூடவே கணக்கு இருந்தால். கணக்கு இல்லாத குரூப்பில் மட்டும் தயவுசெய்து சேர்த்துவிடாதீர்கள். டெல்லி பல்கலைக்கழக பி.ஏ. ஆனர்ஸ் எகனாமிக்ஸுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கு வேண்டும்; நல்ல எம்.ஏ. நுழைவுத் தேர்வுகள் எல்லாமே கணக்கை வைத்துத்தான் வடிகட்டும். உள்ளூரிலேயே படிக்கவேண்டும் என்றால் கடலூர் பெரியார் கலைக் கல்லூரியில் பி.ஏ., பிறகு காலாப்பட்டு புதுவைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. அதற்குமேல் யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு இருக்கிறது. எம்.ஏ. முடித்து 30 வயதுக்குள் எழுதலாம். தேறினால் மத்திய அரசின் பொருளாதார அதிகாரி. ரிசர்வ் வங்கியும் எகனாமிக்ஸ் படித்தவர்களைத் தனியாகத் தேர்வு வைத்து எடுக்கிறது. இவையெல்லாம் தெரியாமல்தான் "எகனாமிக்ஸ் படிச்சா வாத்தியார் வேலைதான்" என்கிறோம்.

உங்கள் சி.ஏ. ஆசையும் தப்பில்லை. அதன் ஃபவுண்டேஷன் தேர்விலேயே பிசினஸ் எகனாமிக்ஸ் ஒரு பேப்பர். இந்தச் சண்டையை இப்போது தீர்க்கவேண்டிய அவசியமே இல்லை. காமர்ஸோடு கணக்கும் உள்ள குரூப் எடுத்தால் இரண்டு கதவும் திறந்திருக்கும்.

"தொழில் தொடங்குவேன்" என்கிறாளே, அதற்கு உங்கள் முந்திரிப் பட்டறை போதும். லீவில் கணக்கு நோட்டைக் கையில் கொடுங்கள். ஒரு மூட்டைக் கொட்டையில் எவ்வளவு பருப்பு தேறியது, அதில் பெரிய பருப்பான 240 ரகம் எவ்வளவு, அதைவிடச் சின்னதான 320 ரகம் எவ்வளவு, உடைசல் எவ்வளவு, தோல் உரிக்கும் அம்மாக்களுக்குக் கூலி எவ்வளவு என்று அவளே போடட்டும். டாலர் ஏறினால் ஆப்பிரிக்கக் கொட்டையின் விலை என்ன ஆகும் என்று கேளுங்கள். 2018 பட்ஜெட்டில் முந்திரிக் கொட்டை இறக்குமதி வரியை 5 சதவீதத்திலிருந்து 2.5 ஆகக் குறைத்தார்கள், ஞாபகம் இருக்கும். அது மூட்டைக்கு எத்தனை ரூபாய் மிச்சம் பிடித்தது, உள்ளூர் மரத்துக்காரர் ஏன் முணுமுணுத்தார் என்று உங்கள் பழைய பில்லை வைத்து விளக்குங்கள். எந்த டியூஷனிலும் இது கிடைக்காது. பட்ஜெட் என்றால் என்ன என்று அவளுக்கு அங்கேயே பாதி புரிந்துவிடும்.

அரசியலை இப்போதே பேசி பயப்படவேண்டாம். அது அவள் சொந்தக் காலில் நின்றபிறகு எடுக்கிற முடிவு.

பிளஸ் ஒன் அட்மிஷன் சீக்கிரம் முடிந்துவிடும். நாளைக்கே பள்ளிக்குப் போய், காமர்ஸ் குரூப்பில் வணிகக் கணிதம் இருக்கிறதா, இடம் மீதி இருக்கிறதா என்று கேளுங்கள். டெல்லி மாதிரி வெளியூர் எண்ணம் இருந்தால், வணிகக் கணிதத்தை அங்கே ஏற்பார்களா என்பதையும் அவர்களின் சேர்க்கை அறிவிப்பில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.