20 ஊர் ரவுட்டர்களையும் ஒன்றோடொன்று கோக்க வேண்டுமா?

கேள்வி: கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் இணைய இணைப்பு தருகிறோம். 12 ஊர்களில் ரவுட்டர்கள். ஒவ்வொன்றுக்கும் மற்ற எல்லாவற்றோடும் ஐபிஜிபி (ரவுட்டர்கள் ரூட்டுகளைச் சொல்லிக்கொள்ளும் முறை பிஜிபி, அதுவே ஒரே நெட்வொர்க்குக்குள் என்றால் ஐபிஜிபி). எல்லாவற்றிலும் முழு டேபிள் (இணையம் முழுமைக்குமான ரூட் பட்டியல்), டீஃபால்ட் ரூட் (பட்டியலில் இல்லாததற்கான பொது வழி) இல்லை. வெளி இணைப்பு ஓசூரில் ஒன்று (பெங்களூரு வழி), தர்மபுரியில் ஒன்று (சேலம் வழி). பென்னாகரத்தில் கடைசியாக வைத்த ரவுட்டரில், சொந்த ஐபி உள்ள ஒரு கல்லூரியை இணைத்தோம். ஊத்தங்கரை வாடிக்கையாளர்களுக்கு மட்டும் அந்தக் கல்லூரியின் தளம் திறக்கவில்லை. இன்னும் 8 ஊர்கள் வரப்போகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: பென்னாகரத்துக்கும் ஊத்தங்கரைக்கும் இடையிலான ஐபிஜிபி செஷன் (இணைப்பு) விட்டுப்போயிருக்கும், முதலில் அதைப் பாருங்கள். ஒரு ஐபிஜிபி பியரிடம் (செஷனின் மறுமுனை ரவுட்டர்) கற்ற ரூட்டை ரவுட்டர் இன்னொரு ஐபிஜிபி பியருக்குச் சொல்லாது. வெளியே ஏஎஸ் பாதையில் (ரூட் கடந்து வந்த நெட்வொர்க்குகளின், அதாவது ஏஎஸ்களின், எண் வரிசை) தன் எண்ணே திரும்பி வந்தால் லூப் (ரூட் சுற்றி வருகிறது) என்று தெரிந்துவிடும். ஒரே ஏஎஸ்ஸுக்குள் அந்தப் பாதை மாறாது, அதனால்தான் இந்தத் தடை. தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் கல்லூரியின் ரூட் தெரிந்திருந்தும் ஊத்தங்கரைக்கு அவை சொல்லாததன் காரணம் இதுதான்.

12 ரவுட்டருக்கு 66 செஷன். 20 ஆனால் 190. புதிதாக ஒன்று வைக்கும்போதெல்லாம் பழைய அத்தனையிலும் கை வைக்க வேண்டும். இப்படி ஒன்று விட்டுப்போவது மறுபடியும் நடக்கும். ரூட் ரிஃப்ளெக்டருக்கு மாறிவிடுங்கள். 1996-லேயே வந்த முறை இது. ரிஃப்ளெக்டர் மட்டும் அந்தத் தடையைத் தளர்த்தி, ஒரு கிளையன்ட் (அதன் கீழ் சேர்த்த ஊர் ரவுட்டர்) சொன்னதை மற்ற கிளையன்ட்களுக்குச் சொல்லும். லூப் வராமல் ஒரிஜினேட்டர் ஐடியும் (ரூட்டை முதலில் சொன்ன ரவுட்டரின் அடையாளம்) கிளஸ்டர் லிஸ்ட்டும் (அது கடந்த ரிஃப்ளெக்டர்களின் கிளஸ்டர் ஐடி வரிசை) பார்த்துக்கொள்ளும். இருபதில் இரண்டை ரிஃப்ளெக்டராக்கினால் மொத்தம் 37 செஷன் போதும். புதிய ஊருக்கு இரண்டே இரண்டு.

அந்த இரண்டையும் எங்கே வைப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நடுவில் இருக்கிறதென்று இரண்டையும் கிருஷ்ணகிரியில் வைக்காதீர்கள். ரிஃப்ளெக்டர் தனக்குச் சிறந்ததாகப் படும் ஒரே பாதையைத்தான் பரப்பும். உங்கள் ஓஎஸ்பிஎஃப் (நெட்வொர்க்குக்குள் குறைந்த காஸ்ட் உள்ள வழியைத் தேடும் முறை) காஸ்ட்படி கிருஷ்ணகிரிக்கு ஓசூர் பக்கம் என்றால், மற்றவை சமமாக உள்ள ரூட்டுகளுக்கெல்லாம் அரூர் டிராஃபிக்கும் ஓசூர் வரை ஏறிப்போகும். பக்கத்திலேயே இருக்கும் தர்மபுரி வழி அரூருக்குத் தெரியவே தெரியாது. ஒன்றை ஓசூரிலும் மற்றொன்றைத் தர்மபுரியிலும் வையுங்கள். எல்லா ஊரும் இரண்டுக்கும் கிளையன்ட். தேன்கனிக்கோட்டை இரண்டு வழியையும் கேட்டு ஓசூரை எடுக்கும், அரூர் தர்மபுரியை எடுக்கும். இரண்டுக்கும் வெவ்வேறு கிளஸ்டர் ஐடி கொடுங்கள். ஒரே ஐடி என்றால் ஒன்று பரப்பியதை மற்றது தள்ளிவிடும். இரண்டு ஊர்கள் ஆளுக்கொரு ரிஃப்ளெக்டரை இழந்த நேரத்தில் ஒன்றின் ரூட் மற்றதற்குப் போய்ச் சேராது.

செஷனை இன்டர்ஃபேஸ் ஐபியில் கட்டாமல் லூப்பேக்கில் (எந்த ஃபைபரையும் சாராத, ரவுட்டரின் சொந்த முகவரி) கட்டுங்கள். தேசிய நெடுஞ்சாலை 44-ல் ஜேசிபி ஃபைபரை அறுத்தாலும், பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூருக்கு இன்னொரு ஃபைபர் இருந்தால் ஓஎஸ்பிஎஃப் அங்கே திருப்பிவிடும், செஷன் விழாது. அந்த ஃபைபர் இல்லையென்றால் ரிஃப்ளெக்டருக்கு முன்பே அதற்குச் செலவு செய்யுங்கள் என்பேன். நெக்ஸ்ட் ஹாப்பை (ரூட்டுக்குப் போக அடுத்து எங்கே அனுப்புவது என்ற முகவரி) வெளி இணைப்பும் வாடிக்கையாளர் பிஜிபியும் உள்ள ரவுட்டர் தன் பெயருக்கு மாற்றட்டும். பரப்பும் ரூட்டுகளில் ரிஃப்ளெக்டர் அதைத் தொடவே கூடாது. தொட்டால் ஊர்களுக்கிடையே ஓடும் டிராஃபிக் முழுதும் அதன் வழியே இழுபடும்.

முழு டேபிளில் ஐபிவி4 மட்டுமே ஒன்பது லட்சம் ரூட்டுக்கு மேல். எட்ஜ் (வெளி இணைப்பு உள்ள ரவுட்டர்கள்) தவிர மற்ற ஊர்களுக்கு அது தேவையா என்றும் யோசியுங்கள்.

மாற்றும்போது பழைய செஷன்களை முதலில் எடுத்துவிடாதீர்கள். ரிஃப்ளெக்டர் செஷன்களைப் பக்கத்திலேயே ஏற்றுங்கள். இரண்டும் சேர்ந்து ஓடுவதால் கெடுதல் இல்லை. கல்லூரியின் ரூட் ஊத்தங்கரையில் இரண்டு ரிஃப்ளெக்டர் வழியாகவும் தெரிகிறதா, ஒரிஜினேட்டர் ஐடியில் பென்னாகரம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இரவில் ஒவ்வொரு ஊராகப் பழையவற்றை நிறுத்துங்கள். ஒரு வாரம் போகட்டும், அதன்பின் அழிக்கலாம்.